தாரணி மாத்திரையை நிறுத்த நினைத்த வாரம்

விடைபெறும் நாளன்று பேச எழுந்தேன். இரண்டு வாக்கியம் சொன்னேன். மூன்றாவது வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் எல்லோரும் மரியாதையாகக் கை தட்டினீர்கள். மேடம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று பின்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. உண்மையில் என் காது, போன் அடிக்கிறதா என்றே கேட்டுக்கொண்டிருந்தது. இந்த வருடம் முழுக்கவே அப்படித்தான் இருக்கிறது. போன் அடித்தால் திடுக்கிடுகிறேன், அடிக்காவிட்டால் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன். எச்.ஐ.வி. வைரஸோடும், அதை எதிர்க்க உடம்பு அனுப்புகிற செல்களோடும் கால் நூற்றாண்டு வேலை பார்த்துவிட்டு, வயது முடியும் முன்பே விருப்ப ஓய்வில் போகிறவள் நான். என்ன கண்டுபிடித்தேன் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால், அதெல்லாம் கட்டுரைகளில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் வராத ஒன்று இது. என் மகள் தாரணியிடமும், நம் லேப் சாதிக்கிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இதில் வருகிற அந்த அம்மாவிடமும் கேட்டேன். "எம் பேரு போடாத, ஊரு போடாத, மத்ததெல்லாம் போட்டுக்க" என்றார்.

முதலில் ஒரு பழைய கதை. நான் சேர்ந்த புதிதில், ரத்தக் குப்பிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கிற சென்ட்ரிஃபியூஜ் சுற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒரு குப்பி உடைந்தது. சத்தம் கேட்டதும் மூடியைத் திறக்கப் பாய்ந்தேன். அப்போது எங்களுக்குத் தலைமையில் இருந்த அம்மையார் ஓடி வரவில்லை. அறையின் அந்தக் கோடியிலிருந்தே "கையை எடு" என்றார். மெஷினை நிறுத்தினார், எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்தினார், மெஷினுக்குள் பறந்த துளிகள் அடங்கும்வரை எங்களைக் கேன்டீனில் உட்கார வைத்தார். எனக்கு முன்னால் தட்டில் வடை இருந்தது. நான் லேப் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒன் கைக்கு இருக்கிற அவசரம் ஒனக்கு இருக்கக் கூடாது. வடையைத் தின்னு" என்றார்.

இந்தக் கதையை நான் வருடா வருடம் புதியவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், ஏதோ நானும் அப்படியே நடந்துகொள்கிறவள் மாதிரி. இனி என் கதை.

தாரணி எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தாள். ஒரு நாள் மத்தியானம், ரத்தக் குப்பிகள் வந்த பெட்டியை நான் பிரித்துக்கொண்டிருந்தபோது அழைத்தாள்.

"அம்மா, ஊசி குத்திருச்சு."

"எந்த ஊசி? ரத்தம் எடுக்குறதா, தையல் ஊசியா?"

"ரத்தம் எடுக்குறது."

"உள்ள ரத்தம் இருந்துச்சா? கிளவுஸ் போட்டிருந்தியா? எம்புட்டு ஆழம்? சோப்பு போட்டுக் கழுவுனியா, இல்ல பிதுக்குனியா? பிதுக்கக் கூடாதுன்னு..."

எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் சொன்னாள். இருந்தது. போட்டிருந்தேன். ஓரளவு ஆழம். கழுவினேன், பிதுக்கவில்லை.

"அம்மா, நீ எனக்கு வைவா பரீட்சை நடத்துற" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அழுகிறாளா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, எதையும் நான் கேட்கவில்லை. பெட்டியைச் சாதிக் என் கையிலிருந்து வாங்கி வைத்தான்.

நடந்தது இதுதான். காலில் பெரிய கட்டியோடு அறுவைச் சிகிச்சை வார்டில் சேர்ந்திருந்த ஒரு அம்மாவுக்குத் தாரணி ரத்தம் எடுத்திருக்கிறாள். ஊசியை வெளியே எடுக்கிற நேரத்தில் அந்த அம்மா வலியில் கையை உதறியிருக்கிறார். ஊசி தாரணியின் இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. அப்போது கட்டிலருகே வேறு யாரும் இல்லை. "ஏத்தா, எனக்கு அந்த நோவு இருக்குல்ல. ஓடு, போயி கையக் கழுவு!" என்று கத்தியதே அந்த அம்மாதானாம். மேலே செய்ய வேண்டியது எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரையின் முதல் வேளை உள்ளே போய்விட்டது. அதை ஒரு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். உடலுக்குள் நுழைந்த வைரஸ் குடியேறும் முன்பே அழிப்பதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே வழி அது.

சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போனேன். அவளுடைய மூத்த மருத்துவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த அம்மா பல வருடமாக எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து எடுக்கிறவர். கடைசியாகப் பார்த்த ரிப்போர்ட்டில் ரத்தத்தில் வைரஸ் தட்டுப்படவே இல்லை. தினமும் போடுகிறீர்களா என்று கேட்டதற்கு, போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். "அப்புறம் என்ன மேடம், உங்களுக்கு நாங்க சொல்லணுமா?" என்று சிரித்தார்.

எனக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். மருந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்து, வைரஸ் அடங்கிக் கிடந்தால், பயப்பட அநேகமாக ஒன்றுமில்லை. நானே ஆயிரம் மேடையில் சொன்னது. ஆனால் அன்று வண்டியில் வரும்போது, நான் வகுப்புகளில் பலகையில் வரைகிற படம் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தோலில் காயம், அங்கே காவலுக்கு இருக்கும் செல், அதன் முதுகில் ஏறிக்கொள்ளும் வைரஸ், அங்கிருந்து நிணநீர்க் கணுவை நோக்கி ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறி இப்போது என் மகளின் ஆள்காட்டி விரலில் தொடங்கியது. ஆற்றுப் பாலத்து நெரிசலில் வண்டி நிற்கும்போதெல்லாம் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

என் கணவருக்குச் சோழவந்தானில் மோட்டார் பம்ப் கடை. சேதி தெரிந்து கடையை அடைத்துவிட்டு வந்தார். சமையலறையில் என் எதிரே நின்றார்.

"இம்புட்டு வருசம் இதுலதான இருந்த. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு."

"ஆகுறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கொறவுங்க."

"கொறவுன்னா என்னடி? கடைக்கு வாரவன்ட்ட நான் மோட்டரு அநேகமா ஓடும்னா சொல்லுறேன்? ஓடும்னு சொல்லுறேன்ல. சொல்லு."

என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யில் என்ன கெட்டுவிடும்? ஆனால் நம் தொழில் வாயை அப்படிக் கட்டிப் போட்டிருக்கிறது.

மாத்திரை தாரணிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பெரிய தொந்தரவு தராத மாத்திரைதான். இவளுக்கு இரண்டாம் நாளிலிருந்தே குமட்டல், தலைவலி, தூக்கமின்மை. சாப்பிட்டது தங்கவில்லை. வார்டில் நின்றபடியே ஒரு தரம் மயங்கி விழுந்தாள். அந்த வாரக் கடைசியில் சொன்னாள்:

"நிறுத்திரலாம்னு இருக்கேன்மா."

"ஒரு மாசம் போட்டே ஆகணும்டி."

"எதுக்கு? அவங்களுக்கு வைரஸ் இல்ல. ரிப்போர்ட் இருக்கு. எங்க சீஃபும் முடியலைன்னா நிறுத்திக்கலாம்னுட்டாரு. ஒன் ஸ்லைடுலயே இருக்கு, நான் காலேஜ்ல ஒன் கிளாஸ்ல ஒக்காந்து கேட்டது. எடுத்துக் காட்டவா?"

"அந்த ரிப்போர்ட் போன வருசத்தது."

"அதுக்கு? அவங்கதான் தெனம் போடுறேன்னு சொல்றாங்கள்ல? நீ சயின்டிஸ்ட்டாப் பேசுறியா, அம்மாவாப் பேசுறியா?"

எனக்கே தெரியவில்லை. அவள் வயது வந்தவள், டாக்டர். மாத்திரையை அவள் வாயில் நான் திணிக்க முடியாது. அவள் நிறுத்தினால், அந்த ரத்தத்தில் வைரஸ் இருந்திருந்தால், திரும்பிப் போக வழியில்லை. இருக்கிறதா இல்லையா? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இதைத் தெரிந்துகொள்வதுதானே என் பிழைப்பு!

இங்கேதான் கவனியுங்கள், நம்மைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் நேரே வார்டுக்குப் போய் அந்தப் பெண்மணியிடம் பேசியிருப்பார். நான் லேபுக்குப் போனேன்.

நம் வேலை முறை உங்களுக்குத் தெரியும். ரத்தம் கொடுப்பவர்களை நாம் பார்ப்பதில்லை. பெட்டியில் குப்பிகள் வரும், குப்பியில் எண் இருக்கும். பெயர் லேபுக்குள் வரக் கூடாது என்று வைத்ததே நான்தான். கொடுத்தவர்களைக் காப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஆனால் நாளாவட்டத்தில் எனக்கு ரத்தம் என்றாலே குப்பிதான் என்று ஆகிவிட்டிருந்தது. எனக்குச் சந்தேகம் என்றால் குப்பி வேண்டும், வேறெதுவும் தோன்றாது.

சாதிக்கைக் கூப்பிட்டேன். "வார்டுல டெஸ்டுக்கு எடுத்த ரத்தத்துல மிச்சம் இருக்கும். நான் கேட்டு வாங்கிட்டு வாரேன். வைரஸ் அளவு மட்டும் பார்த்துச் சொல்லு. ஆஸ்பத்திரி வழியாப் போனா ரெண்டு வாரம் ஆகும், நம்ம கிட்ட ஒரு நாள்."

சாதிக் பழைய டவுனில் மூன்று தலைமுறையாக அத்தர் விற்கிற குடும்பத்துப் பையன். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அவங்கட்ட கேட்டாச்சா மேடம்?"

"யார்கிட்ட?"

"ரத்தம் யாருதோ, அவங்கட்ட."

"மிச்ச ரத்தம்டா அது. கீழ கொட்டப் போறாங்க."

"கொட்டுனா கொட்டட்டும் மேடம். அவங்க சம்மதம் இல்லாம நான் மெஷின்ல ஏத்த மாட்டேன். நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

"எம் மகடா!"

லேப் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். உங்களில் சிலர் அன்று அங்கே இருந்தீர்கள், என்ன சண்டை என்று தெரியாமல் பைப்பெட்டைப் பிடித்தபடி நின்றீர்கள். சாதிக்கின் கண்ணும் கலங்கிவிட்டது. "தாரணி எனக்கும் தங்கச்சி மாதிரிதான் மேடம். கேட்டுட்டு வாங்க. சரின்னாங்கன்னா ராத்திரி முழுக்க இருந்து நானே ஓட்டுறேன்" என்றான்.

அவன் வேலை என் கையில் இருந்தது. அவன் ஆய்வேட்டில் என் கையெழுத்து இன்னும் விழவில்லை. இருந்தும் சொன்னான். நெருக்கடியில் தலைமைக்கு முடியாது என்று சொல்வது எப்படி என்று யாராவது கேட்டால், கத்தவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை, அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னான் பாருங்கள், அப்படி.

வார்டுக்குப் போனேன், சம்மதம் வாங்குவதற்கு. அப்போதும் எனக்கு வேண்டியது ரத்தம்தான்.

அந்த அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். வயல் வேலை பார்த்து இறுகிய கை. கட்டுப் போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்திருந்தார். பக்கத்தில் இளைய மகள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அந்த டாக்டர் பிள்ளையோட அம்மா" என்றேன்.

"தெரியுது. மூக்கு அப்பிடியே இருக்குல்ல" என்றார். மகள் பக்கம் திரும்பி, "ஏத்தா, கீழ போயி ரெண்டு டீ வாங்கிட்டு வா. அவசரமில்ல, பைய வா" என்று அனுப்பிவிட்டு, அவள் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்தார்.

"ஒம் மக எப்பிடி இருக்கா?"

"வாந்தி. மாத்திரை சேரல."

"எனக்கும் மொத வருசம் அப்பிடித்தான் கெடந்துச்சு."

நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "ஒங்க ரத்தம் கொஞ்சம் வேணும். அதுல கிருமி எம்புட்டு இருக்குன்னு எங்க லேப்ல பார்த்துச் சொல்லிருவோம்."

அவர் முகம் மாறிவிட்டது.

"ரத்தமா? வந்து ஒக்காரக்கூட இல்ல, ரத்தங்குற! இன்னும் எம்புட்டு ரத்தந்தாம்மா வேணும் ஒங்களுக்கெல்லாம்?"

"இல்லம்மா, இது..."

"முன்னாடி ஒரு எடத்துல வருசக்கணக்கா எடுத்தாக. நாலு நாலு குப்பி, ஊதா மூடி போட்டது. மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. ஆராய்ச்சியாம். பஸ்ஸுக்குக் காசு குடுத்து, எலுமிச்சஞ் சாதம் ஒரு பொட்டலம் குடுத்து அனுப்புவாக. நல்லாத்தான் இருக்கும் சாதம். பெறகு ஒருநாள் இனிமே வர வேணாம்னுட்டாக. அம்புட்டுதேன். அந்த ரத்தம் என்னாச்சு, அதுல என்ன பாத்தாக, ஒரு சொல்லு? ஒரு ஆளு வந்து சொன்னாகளா?"

ரத்தம் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு யாரும் பஸ் ஏறக் கூடாது என்று அந்த எலுமிச்சம் சாதத்தை ஏற்பாடு செய்தவள் நான். நம் லேபின் இரண்டாவது மாடி ஃப்ரீசரில் அவருடைய குப்பிகள் இன்னும் இருக்கலாம். அந்த ரத்தத்தை வைத்து நான் எழுதிய கட்டுரைகளால்தான் எனக்குப் பதவி வந்தது, தாரணியின் படிப்புக்குப் பணம் வந்தது. இத்தனை வருடத்தில் இவர் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன்.

"அந்த ஆராய்ச்சி எங்களோடதுதான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அட. சாதம் குடுத்த ஆளா நீயி? ஒக்காரு அப்ப. சொல்லு. என்னத்தப் பாத்தீக?"

வெளிநாட்டுக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அதையெல்லாம்விட அந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறப்பது கடினமாக இருந்தது. சொன்னேன். சில பேர் உடம்பு மருந்து இல்லாமலேயே ரொம்ப நாள் கிருமியை அடக்கி வைத்திருக்கிறது, அது எப்படி என்று பார்த்தோம். உங்கள் உடம்பும் அப்படி. அந்த வித்தையைக் கண்டுபிடித்தால் தடுப்பூசி செய்யலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் புரிந்தது. ஆனால் உடம்பு அடையாளம் கண்டுபிடிப்பதற்குள் கிருமி சட்டையை மாற்றிக்கொண்டுவிடுகிறது. எத்தனை வேகமாக மாற்றுகிறது, எங்கே மாற்ற முடியாமல் திணறுகிறது என்று உங்கள் ரத்தத்திலிருந்து கொஞ்சம் தெரிந்தது.

"தடுப்பூசி?"

"இன்னும் வரல."

"தோத்துட்டீக."

"இதுவரைக்கும் தோத்துட்டோம்."

அவர் சிரித்துவிட்டார். "இதச் சொல்லுறதுக்கா இம்புட்டு வருசம் ஒளிஞ்சுக்கிட்டு இருந்தீக? வந்து சொல்லியிருந்தா, சரி, போன ரத்தம் போச்சுன்னு விட்டிருப்பேன்ல."

நானும் சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை. சம்மதத்தை மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை. எழுந்தேன்.

"எங்க போற? ஒனக்கு ரத்தம் எதுக்கு வேணும்?"

"எம் மக மாத்திரையை நிறுத்தப் போறா. ஒங்க ரத்தத்துல கிருமி இல்லைன்னு தெரிஞ்சா நிறுத்தட்டும். இருந்தா நிறுத்த விடக் கூடாது. அதுக்குத்தான்."

அவர் சிரிப்பு நின்றது. வாசலைப் பார்த்தார். டீ வாங்கப் போனவள் இன்னும் வரவில்லை.

"நிறுத்தப் போறாளா?" என்றார். கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒம் மகள வரச் சொல்லு. ஒன்ட்ட இல்ல. குத்துனது அவ கையிலல்ல, அவட்ட பேசிக்கிறேன். நீ அங்கிட்டு இரு."

தாரணிக்குப் போன் செய்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்தாள், வெளிறிய முகத்தோடு. என்னைப் பார்த்து "இங்க என்னம்மா பண்ற?" என்று சீறிவிட்டு உள்ளே போனாள். வராந்தாவில் நின்றேன். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிடுகிற சத்தம் கேட்டது. உள்ளே பேசியது ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. அந்த அம்மாவின் மகள் இரண்டு டீயோடு வந்தாள், உள்ளே டாக்டர் இருப்பதைப் பார்த்து ஒன்றை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கழுத்தில் புது மஞ்சள் கயிறு இல்லை, ஆனால் கையில் புது வளையல். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம், வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

தாரணி வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாத்திரைய நிறுத்தலம்மா. முழுசாப் போடுறேன்."

நான் கேட்க வந்தது அதுதான். அதற்காகத்தான் அத்தனை சண்டையும். ஆனால் அவள் அதைச் சொன்ன நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தொடர்கிறாள் என்றால் அந்த ரத்தத்தில் வைரஸ் இருக்கிறது.

"என்ன சொன்னாங்க?"

"அவங்க சொன்னது என்ட்ட, அம்மா. நீ கேக்கக் கூடாது."

பிற்பாடு அந்த அம்மாவே எனக்குச் சொன்னதால் எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர், இவர் மாதாமாதம் மாத்திரை வாங்குகிற இடத்தில் டோக்கன் கொடுக்கும் வேலைக்கு வந்துவிட்டார். வரிசையில் இவரைப் பார்த்தால் கல்யாணம் நின்றுபோகும். அதனால் போவதையே நிறுத்திவிட்டார். பல மாதமாக ஒரு மாத்திரைகூட உள்ளே போகவில்லை. அந்தக் கட்டியும் அதன் விளைவாகத்தான் இருக்கும். டாக்டர்கள் கேட்டபோது, தினமும் போடுவதாகப் பொய் சொன்னார். உண்மையைச் சொன்னால் திட்டுவார்கள், சத்தம் போட்டுத் திட்டுவார்கள், பக்கத்தில், இந்த நோயைப் பற்றித் தெரியாத மகள் இருப்பாள். வைரஸ் இல்லை என்ற அந்த ரிப்போர்ட் அது எடுத்த நாளில் உண்மை. அதற்குப் பிறகு வாழ்க்கை நடந்திருந்தது.

அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னால் அவர் மகளுக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் என் மகளுக்கு. சொன்னார். ஒரு சொட்டு ரத்தமும் தேவைப்படவில்லை.

அவர் ரகசியத்தை ரகசியமாகவே வைத்து, வேறு ஊர் மையத்தில் மாத்திரை கிடைக்கும்படி மாற்றிக் கொடுக்கத் தாரணி அலைந்தாள். வாந்தி எடுத்துக்கொண்டே அலைந்தாள். நான் உதவட்டுமா என்று கேட்டேன். "நீ வீட்ல ரசம் வை" என்றாள். வைத்தேன்.

மாத்திரை ஒரு மாதத்தில் முடிந்தது. கடைசிப் பரிசோதனை அதற்கும் பிறகு. அந்தக் காத்திருப்பைப் பற்றி என்ன எழுத? 'இடைப்பட்ட காலம் கொஞ்சம் பொறுங்கள்' என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், பேருந்துக்குக் காத்திருக்கச் சொல்கிற மாதிரி. இப்போது அவள் தும்மினால் எழுந்து போய்ப் பார்த்தேன். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தலைவாருகிற சாக்கில் தடவிப் பார்த்தேன். ஒரு நாள் காய்ச்சல் வந்தது. எனக்குத் தொற்றின் முதல் அறிகுறிகள் மனப்பாடம், ஒவ்வொன்றாகத் தேடினேன்.

"அம்மா, இது சளி. மதுரையில பாதிப் பேருக்கு இருக்கு. அம்புட்டுப் பேருக்கும் நீ நெறி பாப்பியா?" என்றாள்.

அவள் அப்பா பம்ப் கடைக்குப் போகாமல் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டே சாப்பிட்டோம். ஆயிரத்தில் சிலருக்குத்தான் ஊசி வழியாகத் தொற்றும், மாத்திரை போட்டவர்களுக்கு அதைவிடக் குறைவு. இந்தக் கணக்கை எத்தனையோ பேருக்குத் தைரியமாகச் சொன்ன வாய் என்னுடையது. எனக்கு நானே சொல்லும்போது அதில் தைரியம் இல்லை. அந்தச் சிலர் யார் என்றுதான் மனம் தேடியது.

புதியவர்களே, உங்களிடம் ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். பெயரை லேபுக்குள் கொண்டுவராதீர்கள், அந்த ஏற்பாடு சரியானது. ஆனால் எண்ணுக்குப் பின்னால் இருப்பவர் கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். நான் கிளம்பும் முன் கடைசியாகச் செய்த வேலை, நம் ஆய்வில் ரத்தம் கொடுத்தவர்களை அவர்களுடைய மையம் வழியாகக் கூப்பிட்டு, என்ன பார்த்தோம், எங்கே தோற்றோம் என்று சொல்ல ஏற்பாடு செய்தது. இனி அதைச் சாதிக் நடத்துவான். அவனுக்குத் துணையாக இருங்கள். மடக்கி மடக்கிக் கேட்பார்கள். ஸ்லைடு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் கைக்கு ரத்தம் வேண்டும் என்று அவசரமாக இருக்கும்போது, கொஞ்சம் உட்கார்ந்து, அவரிடம் கேட்டால் சொல்வாரா என்று யோசியுங்கள்.

கடைசிப் பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். முடிவு சொல்கிற ஆலோசகர் முன்பு எங்களிடம் பயிற்சி எடுத்த பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். தாரணியோடு நானும் அறைக்குள் நுழைந்தேன்.

"மேடம், நீங்க வெளிய இருக்கணும்" என்றாள்.

"நான் அவ அம்மா."

"தெரியும் மேடம். அவங்க சரின்னு சொன்னாத்தான்."

தாரணியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தபடி, "வெளிய இரும்மா" என்றாள்.

பெஞ்சில் இடம் இருந்தது. ஒரு பையன் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். வயிற்றில் கையை வைத்தபடி ஒரு கர்ப்பிணி இருந்தாள். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். "மொதத் தடவையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பயப்படாதீக, நல்லா பேசுவாக" என்றாள்.

கதவு திறந்தது. தாரணி வெளியே வந்தாள். என்னிடம் வரவில்லை. என்னைத் தாண்டி ஜன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் எடுக்க நேரமானது. நான் எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். தொடத் தைரியம் வரவில்லை.

"சின்னம்மா, டாக்டர் பிள்ளைதான் பேசுறேன். ஆமா, இப்பத்தான் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்க. அதான் ஒண்ணும் இல்லைன்னு சொல்றேன்ல. சரி, நீங்க சொல்லுங்க. இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?"